விடுதிக்குப் போன மியூசிக் பிளேயர்: 6,000 ரூபாய்க்குள் ஒரு தேர்வு

கரூரில் ஒரு குடும்பம். மகளுக்கு 16 வயது. 10-ஆம் வகுப்பு முடித்து, நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் 11-ஆம் வகுப்பு சேர்ந்தாள். எட்டு வயதிலிருந்து வாய்ப்பாட்டு படிக்கிறாள். விடுதிக்குப் போனதும் வாராந்திர வகுப்பு நின்றது. டீச்சர் பாடிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், பிள்ளை கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் விடுதியில் போன் கூடாது. சிம், கேமரா, வைஃபை இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பாட்டு கேட்கும் கருவி மட்டும் என்றால், வார்டன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அனுமதிப்பார். வீட்டில் ஒதுக்கிய தொகை 6,000 ரூபாய், இயர்போன் உட்பட.

மியூசிக் பிளேயர் வாங்க வருகிறவர்கள் எத்தனை ஜிபி, என்ன டாக் சிப் (டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் சில்லு), எத்தனை மணி நேர பேட்டரி என்று பெட்டியின் பின்புறத்தைப் படிக்கத் தொடங்குவார்கள். இந்த வீட்டில் அப்படித் தொடங்கவில்லை. அம்மா ஒரு தாளில் மகளின் ஒரு நாளை எழுதினார். காலை 5:15 முதல் 5:45 வரை பிரார்த்தனைக் கூடத்தில் சாதகம், அதாவது பாடிப் பழகுவது. இரவு 8:30 முதல் 9 வரை படுக்கையில் பாட்டு. ஞாயிறன்று மூன்று மணி நேரம் போல. சார்ஜ் போடுவது வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை, வார்டன் அறையில். கணினி மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போதுதான். பிற்பாடு எடுத்த முடிவு எல்லாம் இந்த ஐந்து வரியிலிருந்தே வந்தது.

எத்தனை ஜிபி?

இது வெறும் கூட்டல் கணக்கு. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி (சரியாகச் சொன்னால் 0.96). 256 என்றால் 1.92, 320 என்றால் 2.4. சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃப்ளாக் கோப்பு பதிவைப் பொறுத்து நிமிடத்துக்கு 5 முதல் 7 எம்பி வரை.

டீச்சர் அனுப்பிய பதிவுகள் 140, சராசரி 6 நிமிடம். மோனோவில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) 96 கேபிபிஎஸ் போதும். மொத்தம் 600 எம்பி சொச்சம். வீட்டிலிருந்த கச்சேரி சிடி 22, ஒவ்வொன்றும் 65 நிமிடம் என்று வைத்தால் 256 கேபிபிஎஸ்ஸில் 2.7 ஜிபி. சினிமாப் பாட்டு 400, தலா 5 நிமிடம்: 3.8 ஜிபி. ஆகமொத்தம் 7 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். சிடிகளை ஃப்ளாக்கில் வைத்தாலும் 15 ஜிபியைத் தாண்டாது. ஆக 32 ஜிபி மெமரி கார்டே தாராளம். 128 ஜிபிக்குப் போயிருந்தால், அந்தக் காசு நல்ல இயர்போனிலிருந்துதான் குறைந்திருக்கும்.

கழித்தவை

வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடந்தது. சிம்மை எடுத்துவிட்டால் அதைவிட நல்ல பிளேயர் கிடையாது. தமிழ் எழுத்து சரியாகத் தெரியும், எந்தக் கோப்பையும் பாடும். விடுதிக் கட்டுப்பாடு இல்லாத வீடுகள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு பழைய போனையே கொடுக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை.

ஐபாட் வேண்டும் என்று மகள் கேட்டாள். ஆப்பிள் நானோவையும் ஷஃபிளையும் 2017-இல் நிறுத்தியது. கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச் 2022 மே மாதத்தோடு முடிந்தது. இப்போது கிடைப்பது பழையவைதான். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் அதே வயது. டச்சில் வைஃபையும் கேமராவும் உண்டு, ஷஃபிளில் திரையே கிடையாது, பழைய நானோவுக்கு அதற்கென்றே உள்ள கேபிள் தேட வேண்டும். எதிலும் வெறுமனே ஃபோல்டரை இழுத்துப் போட முடியாது, ஐடியூன்ஸ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

சோனியின் வாக்மேன் என்டபிள்யூ-ஏ306 போன்றவை ஆண்ட்ராய்டில் ஓடுபவை. சிம் மட்டும் இல்லாத போன் என்று சொல்லலாம். வைஃபை உண்டு, ஆப் ஸ்டோர் உண்டு. விலையும் எட்டாது, வார்டனும் விடமாட்டார். அப்பா யோசித்த சரிகம கர்வான் பாட்டு நிரப்பியே வருகிறது. பாட்டியின் அறைக்குப் பொருத்தமான பொருள், டீச்சரின் பாடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறவளுக்கு இல்லை.

கடைசியாக, ஒலித்தரத்துக்கென்றே வரும் சின்ன ஹைஃபை பிளேயர்கள். 4.4 மி.மீ. துளை, இரட்டை டாக் சிப், உயர்தரக் கோப்பு எல்லாம் உண்டு. கேட்பதற்கு அருமை. ஆனால் பார்த்த இரண்டிலும் ஏ-பி ரிப்பீட் இல்லை. ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களில் ஒன்று) பிடிபடாமல் இருபது தடவை கேட்கிறவளுக்கு, ‘இங்கிருந்து இதுவரை’ என்று குறித்துவிட்டு அதையே சுழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்னுக்குத் தள்ளிக் கை ஓய்ந்தால் பாட்டு எங்கே ஏறும்?

மிஞ்சியது 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும் பட்டன் பிளேயர்கள். இந்த விலையில் பிராண்டு மாறினாலும் உள்ளே ஒரே மாதிரிச் சிப்பும் ஒரே மாதிரி மெனுவும்தான் பெரும்பாலும் வரும். அதனால் பெயரைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை, கையில் வாங்கிச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி உள்ள பொருள், பிள்ளையின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது.

சோதனைக் கார்டு

கடைக்குப் போகுமுன் அப்பா ஒரு பழைய 8 ஜிபி கார்டில் கோப்புகளைப் போட்டுக்கொண்டார். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று, மாறுவிகித எம்பி3 ஒன்று, எம்4ஏ ஒன்று, ஃப்ளாக் ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தபடியே ஒரு குரல் பதிவு, தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்று, 70 நிமிடக் கச்சேரிக் கோப்பு ஒன்று, ஆலாபனையும் கீர்த்தனையுமாக இரண்டாக வெட்டிய தொடர் பதிவு, ஃபோல்டருக்குள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், பிறகு ஒரு நிமிட மௌனம். மௌனத்தைப் போட்டு இயர்போனைக் காதில் வைத்தால் பிளேயரின் இரைச்சல் தனியாகக் கேட்கும். பாட்டு ஓடும்போது அது மறைந்துகொள்ளும். கார்டைச் செருகிப் பத்து நிமிடம் போதும்.

“எல்லா ஃபார்மட்டும் பாடுங்ணா, பயப்படாம எடுத்துட்டுப் போங்க.”

“சரிங் தம்பி, இந்த ஒண்ண மட்டும் போட்டுப் பாத்துர்றேன்.”

வாட்ஸ்அப் குரல் பதிவைத் தொட்டதும் முதல் பிளேயர் அசையாமல் நின்றுவிட்டது. பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் வகை. இந்த விலைப் பிளேயர்களில் அதைப் பாடுவது அபூர்வம். அது குறையில்லை, மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கோப்பைப் பாட முடியாவிட்டால் தாண்டிப் போகாமல் உறைந்து நிற்பதுதான் குறை.

இரண்டாவது பிளேயரில் கோப்புகள் எல்லாம் சரி, ஏ-பி சரி. மகள் வேகத்தை 0.8 ஆக்கினாள். நாலு விநாடி கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினாள்.

“அப்பா, சுருதி எறங்குது.”

வேகத்தைக் குறைக்கும்போது சுருதி மாறாமல் காப்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும். அதைச் செய்யாத பிளேயர், டேப்பை மெதுவாக ஓட்டுவது போல ஓட்டிவிடும். 0.8 வேகத்தில் கிட்டத்தட்ட நான்கு அரைஸ்வரம் இறங்கும்; 5 கட்டைச் சுருதியில் பாடிய வர்ணம் 2½ கட்டையில் கேட்கும். சினிமாப் பாட்டு கேட்கிறவருக்கு இது வேடிக்கை. சுருதி பிடித்துக் கூடவே பாடிப் பழகுகிறவளுக்கு, கற்றதையும் கெடுக்கும். மூன்றாவது பிளேயரில் வேகம் குறைந்தும் சுருதி நின்றது. குரலில் கொஞ்சம் கரகரப்பு ஏறியது, அவ்வளவுதான். அதையே எடுத்தார்கள். 2,900 ரூபாய். 3.5 மி.மீ. துளை, கார்டு துளை, யுஎஸ்பி-சி, புளூடூத், ஃபோல்டர் வாரியாகப் பார்க்கும் வசதி, ஒலி அளவு 0 முதல் 31 வரை. வைஃபை இல்லை, கேமரா இல்லை.

பாடகர் காணாமல் போன இயர்போன்

வீட்டுக்கு வந்து, போனோடு வந்திருந்த மைக் வைத்த இயர்போனைச் செருகினார்கள். கச்சேரிப் பதிவில் மிருதங்கம் கேட்கிறது, அரங்கின் எதிரொலி கேட்கிறது, பாடகரைக் காணோம். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இயர்போன் கம்பியில் உள்ள மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் முன்னால் வந்து நிற்கிறது. விட்டால் மறுபடி கிணறு.

பிளேயரும் கெடவில்லை, பாட்டும் கெடவில்லை. மைக் உள்ள இயர்போனின் முனையில் மூன்று கருப்பு வளையம், நான்கு தொடுமுனை; மைக் இல்லாததில் இரண்டு வளையம், மூன்று தொடுமுனை. மூன்று முனைக்கென்று அமைந்த சில துளைகளில் நான்கு முனைச் செருகி சரியாக உட்காராது. பிளேயரின் பொதுமுனை, இயர்போனின் பொதுமுனையைத் தொடாமல் மைக் முனையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் திரும்ப வழியில்லாமல் இடது காதிலிருந்து வலது காதுக்கே போகும். அப்போது கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். நடுவில் நிறுத்திப் பதிந்த குரல் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழிந்து போகிறது. மைக் பட்டன் அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துவிடுவதால் அமுக்கும்போது மட்டும் சரியாகிறது. செருகியை ஒரு மயிரிழை வெளியே இழுத்தாலும் சில சமயம் சரியாகும், நிலைக்காது. மைக் இல்லாத இயர்போன் வாங்குவதே தீர்வு.

900 ரூபாய்க்கு வாங்கினார்கள். 16 ஓம் முதல் 32 ஓம் வரை, உணர்திறன் 100 டெசிபல் சுமார் என்று போட்டிருந்தால் இத்தகைய சின்னப் பிளேயர் எளிதாக ஓட்டும். அதற்கு மேல் பார்க்க வேண்டியது காதில் செருகும் ரப்பர் முனையைத்தான். மூன்று அளவில் வரும். நடுவிலுள்ளதை அப்படியே போட்டுக்கொள்வார்கள். இந்தப் பெண்ணுக்குச் சின்னதுதான் பொருந்தியது, அதுவும் வலக்காதுக்கு மட்டும். சரியாக அடைக்காத முனையில் மத்தளமும் தம்புராவின் அடிநாதமும் ஓடிப்போகும். உடனே கை ஒலியைக் கூட்டப் போகும். ‘இந்த இயர்போன்ல பேஸ் இல்லை’ என்ற புகாரில் பாதி, முனை அளவு தப்பியது.

புளூடூத் இயர்பட் பேச்சு எழுந்தது. பிளேயர் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இயர்பட் பெட்டிக்கும் தனி சார்ஜ் வேண்டும், கூடவே பாடும்போது ஒலி ஒரு கணம் பிந்தித் தாளம் உதைக்கும், எஃப்எம்முக்குக் கம்பிதான் ஆன்டெனா. விட்டுவிட்டார்கள்.

நிரப்புவது

இதற்கு ஒரு முழு ஞாயிறு ஆனது, அதில் பாதி நேரம் எதைப் போட முடியாது என்று புரிந்துகொள்ளவே. ஸ்பாட்டிஃபையிலோ அதுபோன்ற வேறு ஆப்பிலோ ‘டவுன்லோடு’ செய்த பாட்டு பூட்டிய கோப்பு. அந்த ஆப்புக்குள்ளே மட்டும் திறக்கும், கார்டில் நகலெடுத்தாலும் பாடாது. சந்தா பாட்டுக்கு வாடகை. ஐடியூன்ஸ் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு வேறு: 256 கேபிபிஎஸ் ஏஏசி, பூட்டு இல்லை, எம்4ஏ பாடும் எந்தப் பிளேயரிலும் ஓடும். சொந்த சிடிகளை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளால் எடுத்தார்கள். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அதனால் 1964 வரை வெளிவந்த இசைத்தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளுக்குச் சாகித்திய உரிமைப் பிரச்சினையும் கிடையாது. சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பழைய தட்டுகள் புதையல்.

டீச்சரின் குரல் பதிவுகளை ஆடாசிட்டியில் திறந்து (ஒலி திருத்தும் இலவச மென்பொருள்; சில பதிப்புகளில் ஓபஸ் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டியிருக்கும்) மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மொத்தமாக மாற்றினார்கள். முன்னும் பின்னும் உள்ள ‘கேக்குதா கண்ணு?’வையும் வெட்டலாம். இந்தப் பெண் வெட்ட விடவில்லை.

தம்புராவுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. 10 விநாடித் துண்டைச் சுழற்றினால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு விக்கல் கேட்கும். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. மலிவுப் பிளேயர் அதையும் சேர்த்தே ஓட்டும். அதனால் 5 கட்டையில் 60 நிமிடத்துக்கு ஒரே கோப்பாகச் செய்தார்கள். மோனோ 128 கேபிபிஎஸ்ஸில் 58 எம்பிக்குள் அடங்கிவிட்டது. வெட்டிய ஆலாபனையையும் கீர்த்தனையையும் இதே காரணத்துக்காக ஒரே கோப்பாக ஒட்டினார்கள். கோப்பைப் போட்டதும் பிளேயரின் சுருதியை வீட்டுச் சுருதிப்பெட்டியோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். சில பிளேயர்களின் உள்கடிகாரம் சற்றுப் பிசகி, 5 கட்டை 5 கட்டையாக இருக்காது.

க ெ

சோதனைக் கார்டில் இருந்த தமிழ்ப் பெயர்க் கோப்பு இந்தப் பிளேயரில் கட்டம் கட்டமாகத் தெரியவில்லை. தமிழ் எழுத்துரு உண்டு. ஆனால் கொம்பு இடம் மாறி நின்றது. ‘கெ’ என்பது யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் வேலை. சின்னப் பிளேயருக்கு அந்த அறிவு கிடையாது. இருக்கும் வரிசையிலேயே வரையும். ‘கொ’ வந்தால் கொம்பும் காலும் பிரிந்து மேலும் அலங்கோலம். போட்டியாளர் என்ற சொல்லே அடையாளம் தெரியாது.

வீம்பாகத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், படிக்க முடியாது. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றினார்கள். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் 560 கோப்பையும் ஒரே பட்டியலில் திறந்து, தலைப்பு, பாடியவர், தொகுப்பு மூன்றையும் திருத்தலாம். இந்த விவரங்கள் கோப்புக்குள் இருக்கும் இடம்தான் டேக்; அதன் வகையை ஐடி3 பதிப்பு 2.3, யுடிஎஃப்-16 என்று வைத்தால் பெரும்பாலான பிளேயர்கள் தடுமாறாது. ராகப் பெயரைத் ‘தொகுப்பு’ இடத்தில் போட்டது மகளின் யோசனை. இப்போது ஆல்பம் பட்டியலைத் திறந்தால் மோகனம், கல்யாணி, காம்போதி என்று நிற்கிறது. படம் ஒட்டுவதானால் 300க்கு 300 பிக்சலுக்குள் சாதாரண ஜேபெக். பெரிய படம் வைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் திணறும்.

வரிசைதான் இன்னொரு தொல்லை. கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டும் பிளேயர் 07-ஐ முதலில் பாடியது. இத்தகைய பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கணினி ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது அந்த வரிசை கலையலாம். கார்டின் அட்டவணையை மட்டும் பெயர்வாரியாகத் திருப்பி எழுதும் டிரைவ்சார்ட், ஃபேட்சார்ட் போன்ற சிறு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரை நிமிட வேலை. புதுக் கோப்பு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி செய்ய வேண்டும்.

கார்டு வாங்கும் இடத்தில் ஏமாற வாய்ப்பு அதிகம். 32 ஜிபி என்று எழுதியிருக்கும். உள்ளே 4 ஜிபிதான் இருக்கும். நிரம்பும்வரை தெரியாது. பிறகு எழுதியவை பழையவற்றின் மேலேயே விழுந்து, பாட்டு நடுவில் அறுந்து வேறு பாட்டாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். நல்ல 32 ஜிபி கார்டு விண்டோஸில் 29 ஜிபி சொச்சம் என்றே காட்டும். அது ஏமாற்று இல்லை, ஆயிரமா 1,024-ஆ என்ற கணக்கு. 32 ஜிபி வரை கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் வரும். அதற்கு மேல் எக்ஸ்ஃபேட், அது சில பிளேயர்களுக்குப் புரியாது. 450 ரூபாய்க் கார்டு சோதனையில் தேறியது. எல்லாவற்றின் நகலும் வீட்டுக் கணினியில் இருக்கிறது.

காது

இந்தப் பகுதியில்தான் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் கொண்டுவந்த பாதுகாப்பான கேட்டல் தரநிர்ணயம், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். ஆக 78-இல் 20 மணி, 81-இல் 10 மணி, 84-இல் 5 மணி. இந்தப் பெண்ணின் தாளில் வாரத்துக்கு 9 முதல் 10 மணி நேரம் வருகிறது. 81-ஐத் தாண்டக் கூடாது.

வீட்டில் டெசிபல் அளக்கும் கருவி ஏது? போன் ஆப்பின் மைக்கை இயர்போன் வாயில் வைத்து அளப்பது நம்பத்தக்கதில்லை. காதுக்குள் அடைத்த நிலையில் அழுத்தம் வேறு. நடைமுறைக்கு ஒத்த வழி: இரவு, மின்விசிறி அணைத்த அறை, ஒலியைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, சொல் தெளிவாகக் கேட்கும் முதல் எண்ணில் நிறுத்துவது. மகளுக்கு அது 11. பாட்டு ஓடும்போது ஒரு கை தொலைவில் அம்மா சாதாரணக் குரலில் பேசினால் காதில் விழ வேண்டும்; 14 வரை விழுந்தது. 14 என்பதை உச்சவரம்பாகப் பிளேயர் அமைப்பில் பூட்டினார்கள். பூட்டு இல்லாத பிளேயரில் பின்புறம் எண்ணை எழுதி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பேருந்தில் இந்தக் கணக்கு உடைந்துபோகும், இரைச்சலை வெல்ல எல்லாரும் கூட்டுவார்கள். நல்லபடி அடைக்கும் ரப்பர் முனை அங்கேதான் காதைக் காக்கிறது.

கோப்புகளின் ஒலி அளவு சீராக இல்லாவிட்டால் இந்த வரம்பும் பயனில்லை. 1950-களின் இசைத்தட்டு முணுமுணுக்கும்; அதற்காகக் கூட்டிவைத்தால் அடுத்து வரும் சினிமாப் பாட்டு காதில் அறையும். எம்பி3கெய்ன் என்ற பழைய இலவச மென்பொருள் எல்லாக் கோப்பையும் அளந்து, 89 டெசிபல் என்ற ஒரே குறிக்கு 1.5 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கும். மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் போகாது. எம்4ஏ கோப்புகளுக்கு ஏஏசிகெய்ன்.

ஆறு மாதம்

பெட்டியில் 20 மணி நேரம் என்று போட்டிருந்தது. திரை அணைந்து, ஒலி 14-இல், கம்பி இயர்போனோடு ஓடவிட்டதில் 13 மணி 40 நிமிடம் வந்தது. இந்தச் சோதனைக்கு முன் தானாக அணையும் டைமரை நிறுத்த வேண்டும். மறந்தால் அரை மணியில் அணைந்து, பேட்டரி மோசம் என்று திருப்பிக் கொடுக்கப் போவோம். வாரம் 10 மணி நேரத்துக்கு இது போதும், மிச்சம் அதிகமில்லை.

முதல் ஞாயிறே விடுதியிலிருந்து போன். சார்ஜ் ஏறவில்லை. வார்டன் அறையில் இருந்தது இருபுறமும் சி முனை உள்ள வேக சார்ஜர். அந்த வகை சார்ஜர், எதிர்ப்பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரமே விடும். மலிவுப் பிளேயர்களில் பைசா பெறாத அந்த இரண்டு மின்தடைகளை மிச்சம் பிடித்துவிடுவார்கள். துளை மட்டும் சி. பழைய அகன்ற முனை உள்ள 5 வோல்ட் சார்ஜரும், அகன்ற முனையிலிருந்து சி-க்குப் போகும் கேபிளும் கொடுத்தனுப்பியதும் ஏறியது. கேபிள் 150 ரூபாய்.

இரண்டாம் மாதம் பட்டியல் முழுக்கக் காலியாகத் தெரிந்தது. கணினியிலிருந்து ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கியதில் அட்டவணை கெட்டிருந்தது. பாட்டுகள் பத்திரமாக இருந்தன. கார்டைக் கணினியில் செருகிப் பிழை திருத்தி, பிளேயரில் ‘நூலகத்தைப் புதுப்பி’ கொடுத்ததும் வந்துவிட்டன. நான்காம் மாதம் இயர்போனின் இடப்பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. பிளேயரில் சுற்றிக் கட்டிப் பையில் போடுவதால் செருகி முனையில் கம்பி முறிகிறது. புதிதாக அதே இயர்போன், 900 ரூபாய். கூடவே ஒரு ஜிப் உறை, 120 ரூபாய். இயர்போனைக் கழற்றி மூன்று விரலில் தளர்வாகச் சுற்றி உறையில் வைக்கப் பழகியிருக்கிறாள். இதுவரை மொத்தச் செலவு 5,420.

மே விடுமுறையில் பிளேயர் சும்மா கிடக்கும். முழு சார்ஜிலோ காலியாகவோ போட்டுவைக்காமல் பாதியளவில் அணைத்து, வெயில் படாத அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறது. கரூர் மே மாதத்தில் காரின் முன்தட்டில் வைத்தால் பேட்டரி உப்பும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பையில் கிடக்கும்போது புத்தகம் அழுத்திப் பவர் பட்டன் தானே அமுங்குகிறது. இதில் பட்டன்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்ச் இல்லை. மெனுவில் இருக்கும் பூட்டு, ஓடும்போது வேலை செய்கிறது, அணைந்திருக்கும்போது இல்லை. இரண்டு புதன்கிழமை பேட்டரி காலி. இப்போதைக்குப் பட்டனைச் சுற்றி நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டை வளையமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.